காடி ஊற்றியிருந்தால் போதும்

என் வீட்டுக்காரர் பாய்லர்காரர். திருவொற்றியூரில் ஒரு பெரிய ஆலையில் பாய்லரைக் கவனிக்கிற வேலை. வீடு மாதிரி உயர்ந்து நிற்கிற பாய்லரையே கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு, முழ உயரம்கூட இல்லாத காப்பி மிஷின் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் இடி விழ. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்று எங்கள் மாதா கோயில் சாமியார் சொல்வார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அந்த மிஷின் என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. ராயபுரம் கோயிலில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அவன் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். அப்பா இல்லாத வீடு. பிறந்த வீட்டுச் சீர் என்று எதையாவது செய்ய வேண்டியவன் அவன் ஒருவன்தான், அவனும் ஊரில் இல்லை. கழுத்தில் தாலியும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாகப் புகுந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "அவ்ளோதானா?" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் ஒன்றுமே பேசவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணனின் கப்பல் மெட்ராஸுக்கு வந்தது. தோளில் கோணிப்பை மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தான். மூட்டையைப் பிரித்தால் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஒரு சாமான். பக்கவாட்டில் ஒரு நீளமான கைப்பிடி, முன்னால் ஒரு சின்னக் குழாய், மேலே மூடி.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"இத்தாலிக்காரன் வூட்ல இதுலதான் காப்பி போடுவான். உன் கல்யாணத்தப்போ நான் இல்ல. அண்ணன் சீருன்னு இத வெச்சுக்க. யாரு கேட்டாலும் இது என்துன்னு சொல்லு, இன்னா?" என்றான். மாமியார் காதில் விழட்டும் என்றுதான் அதை அவ்வளவு சத்தமாகச் சொன்னான்.

வீட்டில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது, இஸ்திரிப் பெட்டிக்காகப் போட்டது. அதில் செருகினால் உள்ளே கம்பிச் சுருள் சூடாகித் தண்ணீர் கொதிக்கும். காப்பித்தூளைச் சின்னக் கிண்ணத்தில் அமுக்கி, அதை மிஷினில் மாட்டி, கைப்பிடியைத் தூக்கி, பிறகு இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். கறுப்பாக, கெட்டியாக, மேலே தங்க நிற நுரையோடு காப்பி இறங்கும். பக்கத்துக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி வரும், அதில் பாலைக் காட்டினால் பால் பொங்கும். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிக்கரி கலந்த தூளைப் போட்டுப் பார்த்தேன், களிமண் மாதிரி அடைத்துக்கொண்டது. கடைக்காரரிடம் சண்டை போட்டு, சிக்கரி இல்லாமல், மாவு மாதிரி அரைத்து வாங்கினேன். கையைச் சுட்டுக்கொண்டு, பாலைக் கொட்டி, தூளை வீணாக்கி, மாமியாரிடம் வசவு வாங்கி, ஒருவழியாகப் படித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் பாதிச் சனம் எங்கள் வீட்டு வாசலில்தான். நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாரும். "இன்னாமே, இஞ்சின ஓட்டு" என்பார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயரே இஞ்சின் காப்பி. "அவ்ளோதானா" என்று கேட்ட மாமியார், வந்தவர்களிடம் "எங்க மருமவ அண்ணங்காரன் கப்பல்லேர்ந்து கொண்டாந்தான், சீரு" என்று சொல்லிக்கொண்டு டம்ளர் எடுத்துக் கொடுப்பாள். அதைக் கேட்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடந்தது அந்த மிஷின் வந்த பிறகுதான்.

என் வீட்டுக்காரர் அதைத் தொடமாட்டார். "பொம்பள வேல" என்பார். நாற்காலியில் குந்திக்கொண்டு, கொண்டுவந்து கொடுத்தால் உறிஞ்சிக் குடித்துவிட்டு, "ஸ்டீம் பத்தல" என்று ஒரு குறை சொல்லுவார். ஊரெல்லாம் மச்சான் கொடுத்த மிஷினைப் பேசுவது அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது என்று எனக்குத் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கார்ப்பரேஷன் குழாயில் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் துவைத்தால் சோப்பு நுரைக்காது. மிஷினுக்கு மட்டும் நான் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுவேன். அந்தக் கோடையில் குழாய் சுத்தமாக வறண்டுவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்த ஒரு நாள், நான் ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரம் பார்த்து, மாமியார் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மிஷினை ஓட்டச் சொல்லி நாத்தனாரை ஏவிவிட்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளில் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொறுக்கு கட்டிக்கொண்டது. கைப்பிடியை இழுத்தால் காப்பி சொட்டு சொட்டாக வடிந்தது.

அண்ணன் கொடுக்கும்போதே சொல்லியிருந்தான்: "உப்புப் புடிச்சா காடி ஊத்தி ஊற வெச்சுக் கயுவிடு. வேற ஒண்ணும் ஊத்தாத." எங்கள் வீட்டில் காடிக்கா பஞ்சம்? மீன் ஊறுகாய்க்கும் பன்றிக்கறிக்கும் ஊற்றுகிற காடி, அதான் வினிகர், ஜாடியில் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கழுவிவிடலாம் என்று நினைத்து, மாமியாரிடமும் சொல்லி வைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த இந்த மனுஷன் சிரித்தார்.

"காடியாம் காடி. பாய்லர்ல உப்புப் புடிச்சா நாங்க ஊறுகாயா போடறோம்? எனுக்குச் சொல்லித் தராதமே" என்றார்.

நான் சொன்னேன்: "அத தொடாதீங்க. எங்கண்ணன் சொன்ன மாதிரிதான் கயுவணும்."

"உங்கண்ணன் கப்பல் இஞ்சினுக்கு எண்ணெ ஊத்தறவன். நான் பாய்லர்காரன்" என்றார்.

ஆலையில் வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை நிறுத்தி, உள்ளே கட்டியிருக்கிற உப்பை ஆசிட் விட்டுக் கரைப்பார்கள். அந்த ஆசிட்டில் தண்ணீரும் மருந்துப் பொடியும் கலந்து, எத்தனையோ பேர் நின்று பார்த்து, பிறகு சோடா போட்டுக் கழுவுவார்கள். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னதுதான். அடுத்த நாள் நான் மீன் வாங்க காசிமேட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஆலையிலிருந்து ஒரு பாட்டிலில் ஆசிட் கொண்டுவந்தார். தண்ணீர் கலக்கவில்லை, பொடியும் போடவில்லை. மிஷினுக்குள் அப்படியே ஊற்றி, மூடியைத் திருகி, சூடு பண்ணினால் சீக்கிரம் கரையும் என்று பிளக்கைப் போட்டுவிட்டார்.

நான் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே நெடி மூக்கைத் துளைத்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் இருமிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. மிஷினுக்கு அடியில் பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வெள்ளி மாதிரி இருந்த மேல்பூச்சு தோல் உரிந்தது போல் உரிந்து, உள்ளே பித்தளை செம்பட்டை செம்பட்டையாகத் தெரிந்தது. உள்ளே இருந்த கம்பிச் சுருளை ஆசிட் அரித்து ஓட்டை போட்டிருந்தது. அவர் கையில் ஒரு கந்தல் துணியோடு நின்றுகொண்டு, "உப்பு பூராவும் போய்டுச்சு, பாரு" என்றார்.

மீன் கூடையைக் கீழே போட்டேன். "யோவ், உனுக்கு அறிவு கீதா?" என்று கத்தினேன். அவரை அப்படி நான் கூப்பிட்டதே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். மாமியார் இருமலுக்கு நடுவிலும் "புருசன அப்டியாமே பேசுவ?" என்றாள். அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அவருக்கும் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். "சொம்மா அயாத. ஒர்க்ஷாப்புல பத்தவெச்சு, புச்சு மாதிரி கொண்டாந்து தரேன்" என்றார். ஆலை ஒர்க்ஷாப்பில் சொந்த வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். செய்யாதவர் யாருமில்லை என்பது வழக்கம். ஸ்டவ் பர்னர், கதவுத் தாழ்ப்பாள், இடியாப்ப உழக்கு எல்லாம் அங்கே போய்ப் புதுசாகி, டிபன் கேரியருக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வரும். பெரிய சாமானாக இருந்தால் மட்டும் உள்ளே கொண்டுபோகும்போதே கேட்டில் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத சாமான் வெளியே வந்தால் அது ஆலைச் சொத்து, கொண்டுவருகிறவன் திருடன். ஆனால் சீட்டு வாங்கினால் சொந்த வேலை என்று தெரிந்து மெமோ கொடுத்துவிடுவார்கள். இவர் என்ன செய்தார்? தெரிந்த கரி லாரிக்காரரிடம் கொடுத்து, கரியோடு கரியாக உள்ளே அனுப்பிவிட்டார். உள்ளே போகிற சாமானை யார் சோதனை போடுகிறார்கள்? அது கேரியருக்குள் அடங்காத உயரம் என்பதோ, திரும்பி வெளியே வர வேண்டும் என்பதோ இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

"எப்ப வரும்?" என்று கேட்பேன். "பித்தள பத்தவெச்சாச்சு" என்பார். பிறகு, "சுருளு கெடைக்கல, தேடிகினு கீறோம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் ஆள் குறைந்தது. நாத்தனார் ஒரு நாள், "இன்னாண்ணி, இஞ்சின் நின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளும்தானே உப்புத் தண்ணீரை ஊற்றினாள்! அவள் சிரித்ததற்கு மாமியாரும் சேர்ந்து சிரித்தாள்.

அண்ணன் கப்பல் மறுபடி வந்தது. வந்ததும் வராததுமாக, "காப்பி போடு கண்ணு" என்றான். நான் எதையும் மறைக்கவில்லை. ஆசிட் கதையைக் கேட்டுப் பெரிதாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மாப்ள, ஆசிட்டா?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டான். இவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். தங்கை அந்த வீட்டில் வாழ வேண்டுமே என்று அண்ணன் வாயை அடக்கிக்கொண்டான். அடுத்த தடவை வரும்போது இத்தாலிக் கடையிலேயே புதுச் சுருளும் ரப்பர் வளையமும் வாங்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். நான் அதை இவர் கையில் கொடுத்தேன். "இதோட முடிஞ்சுச்சு வேல. இனி கொண்டாந்துருங்க" என்றேன். "நாளிக்கே" என்றார்.

நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது. வேலை முடிந்து வரும் அவருடைய சட்டையில் கரி வாசனையும் எண்ணெய் வாசனையும்தான் எப்போதும் இருக்கும். இப்போது அதோடு காப்பி வாசனையும் வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியாதா? கேன்டீன் காப்பி கொதிக்கக் கொதிக்கக் கருகின வாசனை அடிக்கும். இது அது இல்லை.

"மிஷின் ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓட்டிப் பாத்தோம். சொம்மா டெஸ்டிங்."

"அப்போ கொண்டாங்க."

"கேட்ல புது வாச்மேன் வந்துகீறான். பேஜாரு புடிச்சவன். கொஞ்ச நாளு போவட்டும்."

எத்தனை கொஞ்ச நாள்! கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. கோபம் வந்தால், "ஒரு காப்பி மிஷினுக்காக என் வேல போணுமா?" என்று என்னிடமே எகிறுவார். நான் வாயை மூடிக்கொள்வேன். அவர் வேலை போனால் சோற்றுக்கு என்ன செய்வது?

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு ஆலையில் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான், இருந்தாலும் வருஷம் தவறாமல் போவோம். மாமியார் பொரி கடலையை முந்தானையில் வாங்கிக் கட்டிக்கொள்வாள், நெற்றியில் மட்டும் எதுவும் வைத்துக்கொள்ளமாட்டாள். அந்த வருஷம் இவர், "நீங்க வர வாணாம், கூட்டமா இருக்கும்" என்றார். எப்போதும் போடாத தடையை இப்போது ஏன் போடுகிறார்? அவர் கிளம்பிப் போனதும் நான் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாய்லருக்குப் பெரிய மாலை போட்டிருந்தார்கள். அவர் அங்கே இல்லை. "ஃபோர்மன் ரூம்ல கீறாரு" என்றார் ஒருவர். போனோம். கதவு திறந்திருந்தது. மேஜை மேல் என் மிஷின்.

பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மூடியில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் கதம்பம். அடிப்பாகத்தில் வெள்ளைப் பெயின்டில் ஆலையின் எழுத்தும் ஒரு எண்ணும். அங்கே இருந்த மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாவற்றிலும் இருக்கிற அதே மாதிரி எழுத்து. அதற்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

ஃபோர்மன் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, பாய்லர்காரர் சம்சாரமா? அம்மாவா இவங்க? உட்காருங்க. முதல்ல காப்பி சாப்பிடுங்க. இந்த மிஷின் உங்க வீட்டுக்காரர் கைவேலை, தெரியுமில்ல? பழைய இரும்புல கிடந்துதாம். தானே எடுத்துப் பத்தவெச்சு உயிர் கொடுத்திருக்கார். ஒரு நாள் வாசனை பிடிச்சு வந்து, இது யாரோடதுப்பான்னு கேட்டேன். யாருதும் இல்ல சார், ஸ்கிராப்புன்னார். அப்புறம் என்ன, ஆபீஸ் சாமானாவே சேர்த்துட்டோம். இப்ப பெரிய ஆபீசருங்க வந்தாகூட இவர் கையால காப்பி குடிக்காம போறதில்லை" என்றார்.

யாருதும் இல்ல சார். யாரு கேட்டாலும் என்துன்னு சொல்லு என்று அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கேட்டவர் இவரிடம் அல்லவா கேட்டிருக்கிறார். ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவைத்தான் நாங்கள் இராயப்பர் என்போம்; அவர் பெயரில் இருக்கிற ராயபுரத்துக்காரருக்கு மறுதலிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஆனால் இராயப்பராவது வெளியே போய் அழுதார். இவர் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்.

வாயைத் திறந்துவிட்டேன். அது என் சாமான், என் அண்ணன் சீர் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. மாமியார் என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். மிஷினை அவளுக்கும் தெரியாதா என்ன? என் காதோரம் குனிந்து, "புள்ள வேலமே" என்றாள். சீரு சீரு என்று தெருவெல்லாம் சொன்ன அதே வாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கரி லாரியில் போனது, ஒர்க்ஷாப்பில் பத்தவைத்தது, ஃபோர்மனிடம் புளுகியது எல்லாம் வெளியே வரும். மெமோ இல்லை, வேலையே போகும். அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சினது அது ஒன்றுதான்.

"சார், உப்புப் புடிச்சா காடி ஊத்திக் கயுவச் சொல்லுங்க. ஆசிட் மட்டும் ஊத்த வாணாம்" என்றேன்.

"அட! உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றார் ஃபோர்மன்.

"எங்க வூட்ல ஒண்ணு இருந்துச்சு சார்" என்றேன்.

ஃபோர்மன் சிரித்துக்கொண்டே இவரைப் பார்த்து, "அம்மாவுக்கு ஒண்ணு போடுப்பா" என்றார். இவர் தூளைக் கிண்ணத்தில் அமுக்கினார், மாட்டினார், கைப்பிடியைத் தூக்கி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தார். கதம்பம் ஆடியது. ஆவியைத் திறந்து பாலைப் பொங்கவைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டில் பொம்பள வேல என்று தொடாத கை, இங்கே தினமும் செய்து நன்றாகப் பழகியிருந்தது.

கல்யாணமாகி அந்த வீட்டில் அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் கையில் காப்பி கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நான் போடுவதைவிட நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன காப்பி.